கல்லும் அதன் நிழலும்

தேய்ந்த கல்வெட்டொன்றைப் படிக்க முயன்றோர், உச்சிவெயிலிற் புலப்படாத எழுத்து மாலையின் சாய்வெயிலிற் புலப்படும் என்பதை அறிவர். அப்பழைய அநுபவமே கணினியின் துணையால் இன்று ஓர் ஆராய்ச்சிமுறையாக வளர்ந்துள்ளது. அதன் ஆற்றலையும் எல்லையையும் ஆராய, பிரித்தானிய நூதனசாலையிலுள்ள ஹோவா ஹக்கநனையா என்னும் சிலை தக்க உரைகல்லாகும்.

ஏறத்தாழ எட்டடி உயரமுள்ள இவ்வெரிமலைக் கற்சிலை, ரப்பா நூயி எனத் தன் மக்களால் வழங்கப்பெறும் ஈஸ்டர் தீவிலிருந்து 1868 இல் ஆங்கிலக் கடற்படைக் கப்பலொன்றில் எடுத்துச் செல்லப்பட்டது. அதன் முதுகிற் பறவைத்தலை மனிதர் இருவரின் உருவங்கள் பிற்காலத்திற் செதுக்கப்பட்டுள்ளன. 2012 இல் சௌதாம்ரன் பல்கலைக்கழகத்தார் இச்சிலையை இருவகையாகப் படம்பிடித்தனர். பல கோணங்களில் எடுத்த படங்களை இணைத்து முப்பரிமாண உருவம் அமைத்தமை ஒன்று. கமராவை அசையாது நிறுத்தி, ஒளியின் திசையை மட்டும் மாற்றி மாற்றிப் படமெடுத்தமை மற்றொன்று. கல்லின்மீது கைபடாமலே அதன் நுண்ணிய மேடுபள்ளங்கள் வெளிப்பட்டன.

நீண்டு கூரியதெனக் கருதப்பட்டுவந்த அலகுகளுள் ஒன்று, குறுகி வளைந்ததென ஆய்வாளர் கண்டனர். அதுகொண்டு, அவ்விருவரும் ஆணும் பெண்ணும் ஆவர் என்றும், மேலேயுள்ள பறவை அவர்தம் குஞ்சு என்றும் உரைத்தனர். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். அலகின் வடிவம் அளவையாற் பெறப்படுவது; ஆண், பெண் என்பதோ அநுமானத்தாற் பெறப்படுவது. முன்னையதன் உறுதியைப் பின்னையதற்கும் ஏற்றிக் கூறுதல் முறையன்று. படம் பள்ளத்தின் ஆழத்தைக் காட்டும். பொருளின் ஆழத்தைக் காட்டாது.

மற்றோர் எல்லையும் உண்டு. 2018 நவம்பரில் அத்தீவினர் இலண்டன் சென்று, தம் மூதாதையின் உருவாகிய இக்கல்லைத் திருப்பித் தருமாறு வேண்டினர். ஈடாக, அச்சிலையின் படியொன்றைச் செதுக்கித் தரவும் தீவின் சிற்பியொருவர் முன்வந்தார். ஆராய்ச்சிக்குப் படியே போதுமெனின், படியை வைத்துக்கொள்ள வேண்டியவர் யார்? மூலத்தைப் பெற வேண்டியவர் யார்?

நுண்ணிய படங்கள் பெருகப் பெருக இவ்வினா வலுப்பெறுமேயன்றி மறையாது. கல்லைத் தெளிவாகக் காணக் கற்றுத்தந்த கருவி, அக்கல்லுக்கு உரியவரையும் காணச் செய்யுமாயின் அதுவே அதன் முழுப்பயனாகும்.