பிஞ்சுக் கையும் தீர்ப்பின் அளவுகோலும்

சட்டம் தெளிவாகப் பேசாத இடத்தில் தீர்ப்பளிப்போரின் சொந்த மனமே பேசுகிறது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழைத்த சிறுவரைக் குறித்து உச்சநீதிமன்றம் 1990 அக்டோபர் 31 அன்று வழங்கிய தீர்ப்பை இந்நோக்கில் மீண்டும் வாசித்தல் நமக்குப் பயனுடையது.

14 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையிலோ அபாயமான வேலையிலோ அமர்த்தலாகாது என்கிறது அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு. அபாயம் எங்கே முடிகிறது என்பதை அது வரையறுக்கவில்லை. நீதிமன்றம் உற்பத்தி வேலையைச் சிறுவருக்கு விலக்கியது. உற்பத்தியிடத்துக்கு அப்பால் பொதி கட்டுவதை அனுமதித்தது. எவ்வளவு அப்பால் என்று கூறவில்லை. பிஞ்சுக் கைகள் இவ்வேலைக்கு மிக ஏற்றவை எனக் கருதி, பெரியவரின் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது தரப் பணித்தது.

நீதிபதிகள் தாமாக ஒரு முடிவுக்கு வந்ததை நாம் குறைகூறவில்லை, வேறு வழியில்லை. காப்பீட்டுக்கும் கல்விக்கும் வழிசெய்த அவர்தம் பரிவும் மெய்யானதே. ஆயினும் 'ஏற்ற கை' என்பது முதலாளியின் அளவுகோல். கை வேலைக்குப் பொருந்துமா என்று கேட்டனர். வேலை அக்கைக்குத் தகுமா என்று கேட்கவில்லை. சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு சிறுவருக்காகவும் முதலாளி ரூ. 20,000 செலுத்தவேண்டும் என்ற 1996 டிசம்பர் 10 தீர்ப்பே இவ்வினாவை நெருங்கியது.

2016ஆம் ஆண்டுத் திருத்தம் சிறுவரை எவ்வேலையிலும் அமர்த்தலாகாது என்றது. எனினும் அபாயமற்ற குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பின், உதவுவதை விலக்காக விட்டது. உதவி எது, வேலை எது? இல்லம் சந்திக்கும் ஆயரும் இதனைத் தீர்மானிக்க நேரிடும்.

ஓய்வுநாளில் ஆண்டவர் சூம்பின கையுடைய மனிதனை முதலில் நடுவே நிற்கச் செய்தார். பின்னரே பிரமாணத்தைப் பற்றி வினவினார். அவ்வரிசையை நாம் மாற்றலாகாது.