சாவி பத்திரம், கதவு?

குடவாசலிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது கும்பகோணம். அங்கே தலைமையகம் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் பெயரில் 2018 பிப்ரவரியில் மூன்று போலிப் பண உத்தரவுகள் வங்கிகளுக்கிடையிலான ஸ்விஃப்ட் வலை வழியே வெளிநாடு போயின. தொகை ஏறத்தாழ 20 லட்சம் டாலர். திருடர்கள் வழியில் எதையும் ஒட்டுக்கேட்டதாகத் தகவல் இல்லை. வங்கியின் கணினிக்குள்ளேயே புகுந்து, வங்கி அனுப்பியதுபோல அனுப்பியிருக்கிறார்கள். வழியில் ஒட்டுக்கேட்பவனைக் காட்டிக்கொடுக்கும் குவாண்டம் குறியாக்கத்தை உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் நம் பக்கத்தில் இல்லை.

அதன் பலம் பொய்யில்லை. 1984இல் பென்னட்டும் பிராசார்டும் வகுத்த முறையில், ரகசியச் சாவி ஒற்றை ஒளித்துகள்களாகப் போகிறது. அனுப்புபவர் ஒவ்வொரு துகளையும் இரண்டு வகை அச்சுகளில் ஒன்றில் அமைக்கிறார். பெறுபவர் ஏதோ ஓர் அச்சில் அளக்கிறார். பிறகு இருவரும் பேசி, அச்சு பொருந்தியவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் ஒருவன் எல்லாத் துகளையும் அளந்து மீண்டும் அனுப்பியிருந்தால், வைத்துக்கொண்டவற்றில் சுமார் நான்கில் ஒன்று பிழையாக வரும், குட்டு உடைந்துவிடும். இன்று புழங்கும் ஆர்எஸ்ஏ பூட்டைப் பெரிய குவாண்டம் கணினி ஒன்று திறந்துவிடும் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார். அந்தப் பயம் குவாண்டம் சாவிக்கில்லை.

சிக்கல் தூரத்தில். 2022இல் டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் பிரயாக்ராஜ்–விந்தியாசல் இடையே 100 கிலோமீட்டருக்கு மேல் சாவி அனுப்பிக் காட்டின. நல்ல கண்ணாடி இழையிலேயே அந்தத் தூரத்தில் நூறு துகளுக்கு ஒன்றுதான் மிஞ்சும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் கதைதான். தண்ணீருக்காவது மோட்டார் வைக்கலாம். துகளை நகலெடுத்துப் பெருக்க இயற்கை விடாது. ஒட்டுக்கேட்பவனைத் தடுக்கும் அதே விதி நம்மையும் தடுக்கிறது. அதனால்தான் சீனாவின் 2,000 கிலோமீட்டர் பெய்ஜிங்–ஷாங்காய் தடத்தில் 32 நிலையங்கள். இடைநிலையம் ஒவ்வொன்றிலும் சாவி வெளிப்படுகிறது. அங்கிருக்கும் ஆளை நம்பித்தான் ஆகவேண்டும். போதாக்குறைக்கு, விற்பனைக்கு வந்த கருவிகளின் உணரிகளையே பளீர் ஒளியால் குருடாக்கிச் சாவியைக் கறக்க முடியும் என்று 2010இல் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள்.

2023 ஏப்ரலில் ஒப்புதலான தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய். தகவல்தொடர்புப் பிரிவு சென்னை ஐஐடியின் பொறுப்பில். ஆராய்ச்சிக்கு அது வேண்டியதுதான். ராணுவத் தலைமையகங்கள் போல முனைகள் குறைந்த தடங்களுக்கும் குவாண்டம் சாவி பொருந்தும். ஆனால் குடவாசலின் வங்கிக் கிளைக்கு முதலில் வரவேண்டியது வேறு: குவாண்டம் கணினிக்கும் ஈடுகொடுக்கும் என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் தரப்படுத்திய புதிய கணித முறைகள். பெரும்பாலும் மென்பொருளை மாற்றினால் போதும். கூடவே, ஒவ்வொரு பெரிய பண உத்தரவையும் இருவர் தனித்தனியே சரிபார்க்கும் கட்டாயம். குவாண்டம் பெட்டி அதற்குப் பிறகு வரட்டும்.