பெரும்பொழுதும் சிறுபொழுதும்: பிரித்து வைத்த ஒரே அட்டவணை

பள்ளிக்கூடத் தமிழில் அகப்பொருளுக்கு இரண்டு பட்டியல் வரும். ஒன்று பெரும்பொழுது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆவணி, புரட்டாசி என்று ஆரம்பித்து இரண்டிரண்டு மாதமாக எழுதினால் முழு மார்க். இன்னொன்று சிறுபொழுது: காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. அதற்குத் தனி மார்க். எந்தத் திணைக்கு எந்தப் பொழுது என்று மூன்றாவதாக ஒன்று. மூன்றையும் மனப்பாடம் பண்ணி, பரீட்சை எழுதி, மறந்த பிறகுதான் நான் பொறியியல் படிக்கப் போனேன். நம்மில் பல பேர் அப்படித்தான்.

இந்தப் பதிவில் சொல்ல வருவது இதுதான். அந்தப் பட்டியல்களைத் தனித்தனியாகப் படிப்பதால்தான் அவை உயிரில்லாமல் தெரிகின்றன. சேர்த்துப் படித்தால், வேப்பம்பட்டில் என் வீட்டைச் சுற்றியுள்ள சின்னத் தோட்டத்தில் அவற்றில் பெரும்பகுதி இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. எங்கே பொருந்தவில்லை என்பதையும் சொல்கிறேன்.

ஆறும் வேறு, ஆறும் வேறு

"ஆறு பருவம் வடமொழியிலும் இருக்கே, அங்கிருந்து வந்ததுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணிக்கை ஒன்றுதான். உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

காளிதாசர் பெயரில் வழங்கும் ருதுசம்ஹாரம் கோடையில் தொடங்கி வசந்தத்தில் முடிகிறது. அதில் மழைக்கு அடுத்து வருவது சரத் காலம். மேகம் கலைந்து, வானம் தெளிந்து, குளத்தில் தாமரை பூத்து, நிலா பளிச்சென்று தெரியும் காலம். ஏறக்குறைய நம் ஐப்பசி, கார்த்திகை. அந்த ஐப்பசி, கார்த்திகையில் திருவள்ளூர் மாவட்டத்தில் வானம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சென்னைப் பகுதியில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றால், அதில் சுமார் 60 சதவீதம் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது.

தமிழ்ப் பட்டியலில் அதே இடத்தில் இருப்பது கூதிர். குளிர்ந்த காற்றும் ஓயாத மழையும் சேர்ந்த காலம். பத்துப்பாட்டில் நெடுநல்வாடையின் காலம் இதுதான். வாடை என்பதே வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று. அதே தொகுப்பில் முல்லைப்பாட்டு கார்காலத்தில் நடக்கிறது. ஆக, நம்மிடம் மழைக்கு இரண்டு பெயர், இரண்டு காலம். வடக்கே ஒரே வர்ஷ ருது. வடகிழக்குப் பருவமழையில் நனைந்தவர்கள்தான் இப்படிப் பிரித்திருக்க முடியும். இதை மொழிபெயர்ப்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

இரண்டு அட்டவணையும் சேரும் இடம்

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு அட்டவணைக்கும் பொதுவான ஒரு பத்தி இருந்தால், அதை வைத்து இரண்டையும் இணைத்துப் பார்ப்போம். தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாதது அப்போது தெரியும். இங்கே பொதுவான பத்தி திணை.

தொல்காப்பியம் அகத்திணையியலில் முல்லைக்குக் கார், மாலை. குறிஞ்சிக்குக் கூதிர், யாமம், கூடவே முன்பனியும். பாலைக்கு வேனில், நண்பகல், பின்பனியும் உண்டு. திணையை எடுத்துவிட்டு, மீதி இருப்பதைப் படித்துப் பாருங்கள். கார் என்றால் மாலை. கூதிர் என்றால் நடுராத்திரி. வேனில் என்றால் உச்சிப்பகல்.

கடைசியானது வெளிப்படை. வெயிலை உச்சிப்பகலில்தானே உணர்வோம். முதல் இரண்டும்தான் என்னை நிறுத்தின.

நாலு வருஷமாக ஒரு நோட்டில் மழை தொடங்கிய நேரத்தைக் குறித்துவைக்கிறேன். ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் புழுங்கும். நாலு மணிக்கு மேல் மேற்கே, திருத்தணிப் பக்கம் இருட்டும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு இடியோடு ஒரு மழை, சில நாள் ராத்திரி வரைக்கும் இழுக்கும். ஐப்பசி பாதியிலிருந்து கதை மாறிவிடும். பகலில் மூடாக்கும் தூறலும். நடுராத்திரிக்கு மேல் தூக்கத்தில் கேட்கும் மழை, விடியும்வரை.

இதற்குக் காரணம் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தின் பிற்பகுதியில், பகல் சூட்டில் உள்நாட்டிலும் ஆந்திர எல்லைப் பக்கமும் இடிமேகங்கள் எழும்புகின்றன. மேலே வீசும் மேற்குக்காற்று அவற்றைக் கடலை நோக்கித் தள்ளுகிறது. கடற்காற்று எதிரே வந்து மோதுகிறது. அதனால் நமக்கு மழை சாயங்காலம். வடகிழக்குப் பருவத்தில் மேகம் கடலிலிருந்து வருகிறது. ராத்திரியில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல்நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். கரையிலிருந்து போகும் குளிர்காற்றும் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் கரையோரத்தில் சந்திக்கும்போது மழைமேகம் திரள்கிறது. அதனால் மழை யாமத்திலிருந்து வைகறை வரை. புயல் வந்தால் மட்டும் நேரங்காலம் கிடையாது.

இந்த முதற்பொருள் எல்லாம் உரிப்பொருளுக்குப் பின்னணி, வெறும் மரபு என்று சொல்வது வழக்கம். மரபுதான், மறுக்கவில்லை. ஆனால் மாலையில் பிரிவை நினைத்து ஏங்குபவளுக்கு மேலே மழை மேகத்தை வைத்தவரும், நடுராத்திரிச் சந்திப்புக்கு ஓயாத மழையைத் தடையாக வைத்தவரும் வானத்தைப் பார்க்காமல் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதிர்க்கேள்வியும் நியாயமானது. குறிஞ்சி மலைநாடு, நான் குறித்துவைப்பது கடற்கரையிலிருந்து தள்ளி இல்லாத சமவெளி. உள்மாவட்டங்களில் ஐப்பசி மழையும் சாயங்காலமே வருவதுண்டு. எனவே இதை நிரூபணம் என்று சொல்லவில்லை. ஒரு வாசிப்பு, அவ்வளவுதான். ஆனால் மனப்பாடம் செய்வதைவிட நல்ல வாசிப்பு.

செடிகள் சொல்வது

வீட்டுத்தோட்டக் காணொளிகளில் பல, விதைப் பாக்கெட்டில் பாதி, நாலு பருவக் கணக்கில்தான் பேசுகின்றன. வசந்தத்தில் விதையுங்கள், குளிர்காலத்தில் செடிக்கு ஓய்வு கொடுங்கள் என்று. ஊட்டிக்குக்கூட முழுசாகப் பொருந்தாத அறிவுரை. இதை நம்பி மாசியில் தக்காளி நட்டு, சித்திரையில் கருகவிட்டு, "நமக்குக் கைராசி இல்ல" என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்தவர்களை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும். குறை கையில் இல்லை. காலத்துக்குத் தப்பான பெயர் வைத்ததில் இருக்கிறது.

ஆறு பருவக் கணக்கில் பார்த்தால் தோட்டம் தானாகப் புரியும். ஆடிப்பட்டம் தேடி விதைத்த அவரையும் சுரையும் காரின் சாயங்கால மழைகளில் பந்தல் ஏறும். கூதிரில் எதையும் புதிதாக விதைக்க வேண்டாம். வேர் அழுகும், முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பும், பவழமல்லி மட்டும் தினமும் விடியலில் தரையெல்லாம் கொட்டும். முன்பனியில் பகல் குறுகியதும் நாட்டு அவரை பூக்கும். அதற்கு உரத்தைவிடப் பகலின் நீளம்தான் முக்கியம். டிசம்பர் பூ பெயரிலேயே காலத்தை வைத்திருக்கிறது. கீரையும் முள்ளங்கியும் கேட்காமலே வரும். பின்பனியில் முருங்கை பூக்கும். வேனிலில் குண்டுமல்லி.

பின்பனிதான் என்னை ரொம்ப நாள் குழப்பியது. மாசி சரி, விடியலில் புல்லில் பனி இருக்கும். பங்குனி வெயிலைப் போய்ப் பனிக்காலம் என்பதா? மாதக் கணக்கை வைத்துப் பார்த்தால் பட்டியல் இங்கே தோற்கிறது. ஆனால் அந்த மாதக் கணக்கு உரையாசிரியர்கள் தந்தது. சூத்திரம் மாதம் சொல்லவில்லை. அது சொல்வது பின்பனி பாலைக்கும் உரியது என்பது. பாலை என்றால் வறட்சி. பிப்ரவரி, மார்ச்சில் இந்தப் பக்கம் சராசரியாகச் சில மில்லிமீட்டர் மழைதான்; வருஷத்திலேயே வறண்ட நேரம். விடியலில் பனி, பகலில் வறட்சி, இரண்டும் ஒரே நாளில். இந்த ஊர் பெயரிலேயே இருக்கும் வேம்பைப் பாருங்கள்: மாசியில் இலை கொட்டும், பங்குனியில் செந்தளிர் விடும், சித்திரைப் பிறப்புக்குப் பச்சடிக்குப் பூ கொடுக்கும், ஆனி ஆடியில் பழம். வேறு காலண்டர் தேவையில்லை.

காலியாக இருக்கும் கட்டம்

இணைத்துப் பார்த்த அட்டவணையில் ஒரு கட்டம் காலி. மருதத்துக்கு வைகறையும் விடியலும் உண்டு, பெரும்பொழுது இல்லை. நெய்தலுக்கும் அப்படியே. உரையாசிரியர்கள் அங்கே ஆறு காலமும் உரியது என்று நிரப்பினார்கள். காலி என்றால் 'எல்லாம்' என்று பொருள்கொண்டது சரி என்றே நினைக்கிறேன். ஏரியில் தண்ணீர் நிற்கும் ஊருக்கு விதைக்க மழையை எதிர்பார்த்து உட்கார வேண்டியதில்லை. எங்கள் பக்கம் நெல்லுக்கு மூன்று பருவம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. சித்திரையில் ஆரம்பித்துப் பங்குனிவரை வயல் ஏதாவது ஒன்றில் இருக்கும்.

இப்போது அந்த வயல்களில் பல, பிளாட். திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவே ரயிலில் போனால், வரப்பு இருந்த இடத்தில் கல் நட்டு 'நகர்' என்றும் 'கார்டன்' என்றும் போர்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம். வீட்டுக்கு ஒரு போர் போட்டு, மோட்டார் போட்டால் முல்லை பங்குனியிலேயே பூக்கிறது, என் வீட்டில் உட்பட. எல்லாரும் வருஷம் முழுக்க மருதம். ஆனால் ஏரி, கால்வாய், மடை இல்லாத மருதம்.

அதன் விலை கூதிரில் தெரிகிறது. 2015 டிசம்பர் 1 பெருமழை, 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் மழை. மூன்றும் கார்த்திகை. ஒவ்வொரு தடவையும் "யாருமே எதிர்பார்க்கல" என்றார்கள். இத்தனை மில்லிமீட்டரை எதிர்பார்த்திருக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கார்த்திகையில் ராத்திரி முழுக்க மழை பெய்யும் என்பதை எதிர்பார்க்க வானிலை மையம் தேவையில்லை. கூதிர் என்ற சொல் பரீட்சைத்தாளுக்கு வெளியே இருந்திருந்தால், புரட்டாசிக்குள் முருங்கைக் கிளையை வெட்டி, வாய்க்காலைத் தூர் வாரி, தாழ்ந்த இடத்தை மனையாகப் பார்க்காமல் தண்ணீர் நிற்கும் இடமாகப் பார்த்திருப்போம்.

பாடநூல் எழுதுகிறவர்களிடம் ஒரே கோரிக்கை. மூன்று பட்டியலையும் ஒன்றாக அச்சிடுங்கள். பக்கத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, "உன் ஊரில் மழை எத்தனை மணிக்கு வருகிறது?" என்று கேளுங்கள்.

சேலத்திலும் மதுரையிலும் நீலகிரியிலும் இருப்பவர்கள், இந்த ஐப்பசியில் மழை தொடங்கும் நேரத்தைக் குறித்துவைத்து எழுதுங்கள். குறிப்பாக மலைப்பக்கம் இருப்பவர்கள். குறிஞ்சிக்கு யாமம் உண்மையிலேயே பொருந்துகிறதா என்பது உங்கள் நோட்டில்தான் இருக்கிறது. பொருந்தவில்லை என்றால் அதையும் இங்கேயே பதிவு செய்கிறேன்.