ஆறு மூலிகை, ஒரு மாத்திரை

லக்னோவில் உள்ள இரண்டு மத்திய அரசு ஆய்வகங்கள் சேர்ந்து உருவாக்கிய சர்க்கரை நோய் மாத்திரை பி.ஜி.ஆர்.-34. மரமஞ்சள், சீந்தில், வேங்கை, சிறுகுறிஞ்சான், மஞ்சிட்டி, வெந்தயம் ஆகிய ஆறும் அதில் சேர்கின்றன. ஆயுர்வேத ஆய்வுக் குழுமத்தின் ஆயுஷ்-82இல் பாகலும் நாவல்கொட்டையும் மாங்கொட்டையும் சிறுகுறிஞ்சானோடும் சிலாசத்தோடும் கூடுகின்றன. இப்படிக் கூட்டுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஓரிடத்துக் கோளாறு அன்று. கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை விடுகிறது, தசைகள் இன்சுலினுக்கு மசிவதில்லை, கணையமும் மெல்லத் தளர்கிறது. அலோபதி மருத்துவர்களே இரண்டு மூன்று மாத்திரைகளைச் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். வெந்தய நார் குடலில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் கல்லீரல் பக்கம் வேலை செய்கிறது. ஆக, யோசனையில் குறையில்லை. சேர்த்ததால் என்ன கூடுதல் கிடைத்தது என்பதைச் சோதிக்காமல் விடுவதுதான் குறை.

இத்தகைய கலவைகளைப் பற்றிய வழக்கமான ஆய்வேடு ஒன்றைப் பிரித்தால் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். விஸ்டர் எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போடுவார்கள். கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம் எனச் சாற்றை 28 நாள் புகட்டுவார்கள். பக்கத்தில் ஒப்பீட்டுக்குக் கிளிபென்கிளமைடு என்ற அலோபதி சர்க்கரை மருந்து கொடுத்த ஒரு குழு. கடைசியில் சர்க்கரை இறங்கியதைக் காட்டும் ஒரு வரைபடம். அந்த ஊசி செய்வது கணையத்தின் இன்சுலின் செல்களை அழிப்பது. மருந்தை வாங்கப்போகும் ஐம்பது வயதுக்காரருக்கோ பெரும்பாலும் இன்சுலின் சுரக்கிறது, உடல்தான் அதை ஏற்பதில்லை. எலி ஆய்வு ஒரு தொடக்கம், அவ்வளவே. அதைவிட முக்கியமாக, ஆறு மூலிகைக் கலவையை வெந்தயம் மட்டும் கொடுத்த குழுவோடு ஒப்பிடும் ஆய்வேடு அபூர்வம். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் மற்ற ஐந்தும் மருந்தா, வெறும் பெயர்ப்பட்டியலா என்று எப்படிச் சொல்வது?

சட்டமும் இதை வற்புறுத்தவில்லை. மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 2010இல் சேர்க்கப்பட்ட 158பி விதிப்படி, சரக்குகள் மூலநூல்களில் சொன்னவையாக இருந்து, சொன்ன நோய்க்கே கொடுத்தால், புதிய கலவைக்கும் தனியாகப் பாதுகாப்பு ஆய்வு வேண்டியதில்லை. பயனைக் காட்ட ஏற்கெனவே வெளிவந்த கட்டுரைகளும் சிறியதொரு முன்னோட்ட ஆய்வும் போதும். கசாயமாக மூலநூல் சொன்னது வேறு, சாராயத்தில் வடித்துச் செறிவாக்கிய சாறு வேறு என்பதை உரிமம் தருபவர்கள் இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும்.

பாரம்பரிய மருத்துவம் ஆளுக்கு ஆள் மருந்தை மாற்றும், ஆகவே அலோபதிச் சோதனை முறை அதற்குப் பொருந்தாது என்பார்கள். நாடி பார்த்து ஆவாரைக் குடிநீர் எழுதும் சித்த மருத்துவருக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும். பத்தியமும் அனுபானமும் கேட்காமல், எல்லோருக்கும் ஒரே அளவில், மருந்துக்கடையில் அட்டையாக விற்கும் மாத்திரைக்கு அது பொருந்தாது. பரிசோதனை மூலம் வந்த மருந்துகளும் கெடுதல் செய்யவில்லையா என்பது அடுத்த கேள்வி. செய்தன. ரோசிகிளிட்டசோன் சர்க்கரையைக் குறைத்தது, இதயத்துக்கு ஆபத்து என்ற ஐயம் வலுத்ததும் 2010இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. அந்த ஐயம் எழுந்ததே ஆயிரக்கணக்கான நோயாளிகளின் கணக்கு கையில் இருந்ததால்தான். சோதிக்காத மருந்தில் இந்தக் கெடுதல் இருந்தாலும் கண்ணில் படாது.

கலவை மருந்தைச் சோதிக்கவே முடியாது என்பதைச் சீனர்கள் பொய்யாக்கிவிட்டார்கள். ஷியாவ்கே மாத்திரையில் மூலிகைகளோடு கிளிபென்கிளமைடும் வெளிப்படையாகவே சேர்ந்திருக்கிறது. 2013இல் வெளியான ஆய்வில் 800 நோயாளிகளைப் பிரித்து, ஒரு சாராருக்கு அந்த மாத்திரையும் மற்றவர்களுக்குக் கிளிபென்கிளமைடு மட்டும் 48 வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சர்க்கரைக் கட்டுப்பாடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. தாழ்சர்க்கரை மயக்க ஆபத்து மூலிகை சேர்ந்த பக்கம் குறைவு. பெரிய அற்புதம் ஒன்றுமில்லை. ஆனால் மூலிகை சேர்ந்ததால் என்ன மாறியது என்பதற்கு ஒரு விடை கிடைத்தது.

பத்துக் கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் உள்ள நாட்டில், அரசுப் பணத்தில் பிறந்த மாத்திரைக்காவது இத்தகைய ஆய்வைக் கேட்பது அதிகமில்லை. செலவுக்கு மருந்துக் கம்பெனியைக் காட்டி ஆய்வகங்கள் ஒதுங்க முடியாது. அதுவரை இந்த மாத்திரைகளை எடுப்பவர்கள் இன்சுலினையோ மெட்ஃபார்மினையோ தாமாக நிறுத்த வேண்டாம். எடுக்கும் செய்தியை மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம்.