சைவநெறியும் இந்து நாகரிகமும்: ஒரு பெயர் மாற்றம் பற்றிய விமர்சனக் குறிப்பு

கல்விப் பொதுத் தராதரச் சாதாரண தரத்திலே ‘சைவநெறி’ பயின்ற மாணவன், உயர்தர வகுப்பிலே ‘இந்து நாகரிகம்’ பயிலத் தொடங்குகின்றான். அவன் வழிபடும் தெய்வமும் செல்லும் கோயிலும் மாறவில்லை. பெயர் மாத்திரம் மாறிவிடுகின்றது. இம்மாற்றத்தின் காரணத்தை நம்மிற் பெரும்பாலோர் வினவியதில்லை. அதனை வினவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘சிந்து’ என்னும் ஆற்றுப்பெயர் பாரசீகர் வழக்கிற் சகரம் ஹகரமாகத் திரிந்தமையால் ‘இந்து’ என்னும் பெயர் தோன்றியது. பாரசீக மன்னன் முதலாம் தாரியசுவின் சாசனங்களில் அது ஒரு நிலப்பகுதியையே சுட்டிற்று. பழந்தமிழ் நூல்களிலோ ‘இந்து’ என்பதற்குத் திங்கள் என்பதே பொருள். மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறங்கேட்ட காதையிற் சைவவாதி, வைணவவாதி, வேதவாதி ஆகியோர் ஆசீவகனையும் நிகண்டவாதியையும் போலத் தனித்தனியே நிற்கின்றனர். அவர்களை ஒருங்கே தழுவும் பொதுப்பெயர் அங்கில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞானசித்தியாரின் பரபக்கம் பௌத்தரை மறுப்பது போலவே மாயாவாதியையும் பாஞ்சராத்திரியையும் மறுக்கின்றது. இன்று இந்துக்கள் என ஒருசேர வழங்கப்படுவோர் அன்று ஒருவர்க்கொருவர் புறச்சமயத்தவராயிருந்தனர்.

இதுகொண்டு, இந்து சமயம் என்பது ஆங்கிலேயர் புனைந்ததே எனச் சிலர் முடிபு கூறுவர். அதுவும் முழு உண்மையன்று. 14ஆம் நூற்றாண்டு விசயநகர மன்னர் தம்மை இந்து அரசருட் சுல்தான் எனச் சாசனங்களிற் குறித்தனர். பிறரோடு தம்மை வேறுபடுத்த வேண்டிய நிலையில் அப்பெயரை இந்நாட்டவரே ஏற்றுக்கொண்டமை இதனாற் புலனாகும். பெயர் புறத்தே பிறந்ததாயினும், அதனை எடுத்தாண்டோருக்கு ஒரு தேவை இருந்தது.

அத்தகைய தேவையை 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலும் காணலாம். ஆறுமுக நாவலர் (1822-1879) மிசனரிமாருக்கு எதிராக நிறுவ முயன்றது சைவத்தையே. 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய பாடசாலை சைவப்பிரகாச வித்தியாசாலை. 1854இல் வெளியிட்ட கண்டன நூல் சைவதூஷண பரிகாரம். அவர் மறைந்தபின் 1888இற் சைவ பரிபாலன சபை உருவாயிற்று. ஆனால் அச்சபை 1889இல் தொடங்கிய பத்திரிகைக்கு ‘இந்து சாதனம்’ என்றே பெயரிட்டது. 1890இல் பொறுப்பேற்று நடத்திய கல்லூரியும் இந்துக் கல்லூரியாயிற்று. தம்மவரிடையே சைவராக நின்றோர், ஆங்கில ஆட்சியாளர் முன்னிலையில் இந்துக்களாக நின்றனர் எனக் கருத இடமுண்டு. அகத்துக்கு ஒரு பெயரும் புறத்துக்கு ஒரு பெயரும் தேவைப்பட்டன.

இவ்விரு பெயர்களுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே நமது சிக்கல் உள்ளது. ‘இந்து’ என்னும் விரிந்த பெயர் தொகை காட்டுவதற்கு உதவுகின்றது. உரிமை வழங்கும்போதோ எல்லை சுருங்கிவிடுகின்றது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. பதினோராண்டுகளின் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நுழைய முனைந்த தாழ்த்தப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டனர். குடிசன மதிப்பில் அவர்களும் இந்துக்களே. கோயில் வாயிலில் அப்பெயர் அவர்களுக்குத் துணைநிற்கவில்லை.

வழிபாட்டு முறைகளுக்கும் இது பொருந்தும். ஊர்க்கோயில்களின் உயிர்ப்பலியையும் கண்ணகி வழிபாட்டையும் நாவலர் கண்டித்தார். உயிர்ப்பலி குறித்து அவர் கூறியதை ஏற்போர் பலர், யானும் ஏற்கின்றேன். எனினும், ஆகமம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், மட்டக்களப்புப் பிரதேசத்தில் வைகாசித் திங்களில் நிகழும் கண்ணகி அம்மன் சடங்கும் அதனைப் பேணிவரும் மக்களின் நம்பிக்கையும் சமயத்தின் புறத்தே தள்ளப்படும். எண்ணிக்கைக்கு அம்மக்கள் வேண்டும், அவர்தம் வழிபாடு வேண்டாம் என்பது நேர்மையாகாது.

ஆகவே, ‘இந்து’ என்னுஞ் சொல் தொன்மையானதா, அந்நியமானதா என்னும் வாதத்தோடு ஆய்வு நின்றுவிடலாகாது. அப்பெயராற் சுட்டப்படுவோர் அனைவருக்கும் கோயிலிலும் பாடநூலிலும் ஒத்த இடம் உண்டா என்பதே நாம் விடைகாண வேண்டிய வினா. சமய பாடத்திற் சித்தி பெற்றுப் பல்கலைக்கழகம் புகுந்த நாம், அப்பாடத்தின் பெயரையேனும் ஒருமுறை ஆராய்ந்து பார்த்தல் கடனாகும்.