கரையாத வினையூக்கியின் கரைதல்: உயிரி டீசல் தயாரிப்பில் திண்ம வினையூக்கிகள்

தாவர எண்ணெயின் டிரைகிளிசரைடுகள் மெத்தனாலுடன் வினைபுரிந்து மெத்தில் எஸ்டரையும் கிளிசராலையும் தருவது மாற்று எஸ்டராக்கல் எனப்படும். அந்த மெத்தில் எஸ்டரே உயிரி டீசல். பெரும்பாலான ஆலைகள் இவ்வினைக்குச் சோடியம் மெத்தாக்சைடு போன்ற, மெத்தனாலில் கரையும் காரங்களையே நம்பியிருக்கின்றன. 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே, சாதாரண அழுத்தத்தில், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவை வேலையை முடித்துவிடுகின்றன. ஆனால் கரைந்த காரத்தை மீட்டெடுக்க வழியில்லை என்பதோடு, அதை அமிலத்தால் நடுநிலையாக்கி எஸ்டரை நீரால் கழுவவும் வேண்டியிருக்கிறது. எண்ணெயில் தனிக் கொழுப்பு அமிலம் மிகுந்திருந்தால் காரம் அதனுடன் சேர்ந்து சோப்பாகிவிட, எஸ்டரும் கிளிசராலும் எளிதில் பிரிவதில்லை.

வினைக்கலவையில் கரையாமல் தன் மேற்பரப்பிலேயே வினையை நடத்தும் திண்ம வினையூக்கி, வடிகட்டி மீண்டும் பயன்படுத்தலாம் என்பதையும் மட்டமான எண்ணெயையும் ஏற்கும் என்பதையும் தன் பெருமைகளாக முன்வைக்கிறது. இவ்விரண்டும் ஒரே பொருளில் அமைவது அரிது என்பது பல ஆய்வறிக்கைகளில் அழுத்தம் பெறுவதில்லை.

முட்டை ஓட்டையோ கிளிஞ்சலையோ 800 டிகிரிக்கு மேல் சுட்டுப் பெறும் கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு, மலிவானது. முதற்சுற்றில் நல்ல விளைச்சலும் தருகிறது. எனினும் காற்றிலுள்ள ஈரமும் கரியமில வாயுவும் பட்டவுடன் அதன் மேற்பரப்பு செயலிழக்கத் தொடங்குகிறது. கொழுப்பு அமிலம் மிகுந்த எண்ணெயில் அதுவும் கால்சியம் சோப்பாகிறது. சிறிதளவு கால்சியம் மெத்தனாலிலும் கிளிசராலிலும் கரைந்தும்விடுகிறது. ஐரோப்பியத் தரநிலையான இஎன் 14214, ஒரு கிலோ உயிரி டீசலில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்கிறது. ஆகவே கழுவும் வேலை முற்றிலும் ஒழிந்ததாகக் கொள்ள முடியாது. இடைவழியில் திண்மத்தை வடிகட்டிய பின்னும் வினை தொடர்கிறதா என்று பார்க்கும் சோதனை இல்லாமல், விளைச்சல் விழுக்காட்டை மட்டும் காட்டும் ஆய்வு, ஊக்கியது திண்மமா அதிலிருந்து கரைந்த பகுதியா என்ற கேள்வியைத் தொடாமலே விட்டுவிடுகிறது. கால்சியம் கார்பனேட்டைச் சுடும்போது 100 கிலோவுக்கு 44 கிலோ கரியமில வாயு வெளியேறுவதும் பசுமைக் கணக்கில் சேர வேண்டியதே.

ஆலை அளவில் நிலைபெற்ற சான்று பிரான்சில் உருவான எஸ்டர்ஃபிப்-எச் முறை. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த ஆக்சைடு நிரப்பிய நிலைப்படுகைக் கலன்கள் வழியே எண்ணெயும் மெத்தனாலும் தொடர்ந்து பாய்கின்றன. 2006இல் செத் நகரில் ஆண்டுக்கு 1,60,000 டன் திறனுள்ள ஆலை இம்முறையில் இயங்கத் தொடங்கியது. கிளிசரால் 98 விழுக்காட்டுக்கு மேற்பட்ட தூய்மையோடு, உப்பின்றிக் கிடைப்பதே இதன் உண்மையான ஆதாயம். அதற்கான விலை ஏறத்தாழ 200 டிகிரி வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் பல பத்து மடங்கு அழுத்தமும், மிகையான மெத்தனாலும் ஆகும். பெரிய ஆலை இவற்றைத் தாங்கும். சிற்றாலைக்கு இது கட்டுப்படியாகாது.

சல்ஃபோனிக் தொகுதிகள் ஏற்றிய கரியும் அயனி மாற்றுப் பிசின்களும் திண்ம அமிலங்கள். இவை கொழுப்பு அமிலத்தைச் சோப்பாக்காமல் எஸ்டராக்குகின்றன. ஆனால் டிரைகிளிசரைடை மாற்றுவதில் மிக மந்தமானவை. எனவே நாட்பட்ட புங்க எண்ணெயையோ காட்டாமணக்கு எண்ணெயையோ கையாளும் சிற்றாலைக்கு, திண்ம அமிலத்தால் முதலில் கொழுப்பு அமிலத்தைக் குறைத்து, உண்டான நீரை அகற்றி, பின்னர் வழக்கமான கரையும் காரத்தையே பயன்படுத்தும் இருகட்ட முறை, முழுவதும் திண்மத்தை நம்பும் எந்தத் திட்டத்தையும்விடப் பொருத்தமானதாகத் தோன்றுகிறது.