அறக்கோட்டமும் அதன் நிலைமாற்றமும்

மணிமேகலைக் காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகும் பகுதி தமிழாசிரியர் யாவரும் அறிந்ததே. புகார் நகரத்துச் சிறையில் பசித்துக் கிடந்தோர்க்கு மணிமேகலை அமுதசுரபியினின்று உணவு வழங்குகின்றாள். செய்தி சோழ வேந்தன் செவிக்கு எட்டுகின்றது. வேண்டுவது யாது என அவன் வினவ, சிறையை நீக்கி அவ்விடத்தை அறவோர்க்கு ஆக்க வேண்டும் என்கின்றாள். வேந்தனும் இசைகின்றான். அடுத்த காதையின் தொடக்கத்தில் அவ்விடத்தில் புத்தர் கோயில், துறவோர் உறையும் பள்ளி, உணவு சமைக்கும் கூடம், உண்போர் கூடம் என நான்கும் அமைந்திருக்கக் காண்கின்றோம். வழிபாடு இரண்டு, பேணுதல் இரண்டு. இவை ஒருங்கே அமைந்ததனையே சாத்தனார் அறக்கோட்டமாகக் காட்டுகின்றார்.

இந்நிகழ்ச்சியைத் தலைகீழாக எண்ணிப் பார்ப்போம். அறக்கோட்டம் ஒன்று தன் சமயநிலையை இழந்து பொதுவிடமாகும்போது, அந்நான்கனுள் எவை எஞ்ச வேண்டும்? இக்காலத்தில் உலகெங்கும் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய அனாதை இல்லங்களும் மருத்துவமனைகளும் இவ்வினாவின் முன் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று ஜொகூர் வாழ் தமிழர்க்கு மிக அண்மையில், 1924இல் திறக்கப்பெற்ற கடற்பாலத்திற்கு அப்பால், சிங்கப்பூர் விக்டோரியா வீதியில் உள்ளது.

அங்கிருந்த குழந்தை இயேசு கன்னியர் மடத்தின் வரலாறு 1854இல் தொடங்குகின்றது. அருட்டந்தை பேரெல் என்னும் பிரெஞ்சுக் குருவின் அழைப்பையேற்று, அன்னை மத்தில்து ராக்லோ என்பார் உடன்பிறப்பனைய கன்னியர் சிலருடன் அவ்வாண்டு சிங்கப்பூரில் வந்திறங்கினார். கோல்மன் என்னும் கட்டடக் கலைஞர் 1840-41இல் கட்டிய கால்டுவெல் இல்லம் அவர்களுக்கு உறைவிடமாயிற்று. பள்ளியும் அனாதை இல்லமும் அவ்விடத்தே வளர்ந்தன. அருட்டந்தை நேன் வரைந்த அமைப்பின்படி எழுந்த சிற்றாலயம் 1904இல் நிறைவெய்தியது. ஜொகூர் பாருவிலும் 1925இல் இச்சபையின் பள்ளி தோன்றியமையால், இம்மரபு தீபகற்பத்தின் தென்கோடியிலுள்ளார்க்கும் அயலானதன்று.

ஆலயத்தின் கோபுரத்தைப் பார்ப்போர் பலர். ஆயினும் அம்மடத்தின் உயிர்நிலை மதிற்சுவரில் அமைந்த சிறு வாயிலே. வறுமையாலும், பழிக்கு அஞ்சியும், பெண் மகவு வேண்டாமென்னும் மடமையாலும் பெற்றோர் தம் குழந்தைகளை அவ்வாயிலில் விட்டுச் சென்றனர். புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்திற்கு ஆகாதவள் என்னும் சீன மக்களின் பழைய நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணமாயிற்று. கன்னியர் அக்குழந்தைகளை எடுத்து வளர்த்தனர். பிற்காலத்தார் அதற்கு நம்பிக்கை வாயில் எனப் பெயரிட்டனர். பெயர் அழகியதே. எனினும் குழந்தையைக் கிடத்தித் திரும்பிய தாய்க்கு அது நம்பிக்கையின் வாயிலா, நம்பிக்கையெல்லாம் இழந்தபின் எஞ்சிய வாயிலா என்பது எண்ணத்தக்கது.

1983ஆம் ஆண்டு அரசு அந்நிலத்தைக் கையகப்படுத்தியது. பள்ளி தோவா பாயோவிற்குப் பெயர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் சிற்றாலயத்தின் இறுதி வழிபாடு நடைபெற்றது. திருநிலை நீங்கியது. அதே நவம்பரின் இறுதியில் நடைமுறைக்கு வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் புதிய சட்டத் தொகுப்பு, இத்தகைய மாற்றத்தைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றது. புனித இடம் ஒன்று பெரும்பகுதி அழிந்தாலோ, நிலையாக உலகியற் பயனுக்கு விடப்பட்டாலோ தன் திருநிலையை இழக்கும் என்பது அதன் 1212ஆம் விதி. வழிபாட்டிற்கு எவ்வகையாலும் உதவாத கோயிலை உலகியற் பயனுக்கு விட ஆயருக்கு அதிகாரம் அளிக்கும் 1222ஆம் விதி, அப்பயன் இழிபயனாதல் கூடாது என வரையறுக்கின்றது.

இவ்விதிகளில் நுட்பம் உண்டு. உலகியல் வேறு, இழிவு வேறு எனப் பகுத்தது பாராட்டத்தக்கது. ஆனால் இவை இடத்தைப் பற்றிய விதிகள். பலிபீடம் அகன்ற கூடத்தில் யாது செய்தல் கூடாது என்பதை அவை உரைக்கின்றன. அக்கூடத்தை அடுத்திருந்த தொட்டில் எங்குச் செல்ல வேண்டும் என்பது அவற்றின் எல்லைக்குள் வருவதில்லை. அறக்கொடையாளரின் கருத்தினைக் கவனமுடன் நிறைவேற்றுக எனப் பணிக்கும் 1300ஆம் விதி அதே தொகுப்பில் உண்டு. பொருளை ஈந்தோர் விருப்பத்திற்கு அங்கே காவல் கிடைக்கின்றது. ஈவதற்கு ஒன்றுமின்றித் தன் குழந்தையையே வாயிலில் விட்டுச் சென்றவளின் விருப்பத்திற்கு அத்தகைய காவல் இல்லை.

அரசின் சட்டமும் சுவரையே காத்தது. 1990இல் ஆலயமும் கால்டுவெல் இல்லமும் தேசிய நினைவுச் சின்னங்களாயின. 1996இல் அவ்வளாகம் உணவகங்களும் கடைகளும் மண்டபமும் கொண்ட பொதுவிடமாகத் திறக்கப்பெற்றது. 2002இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளுள் ஒன்றும் கிட்டியது. இதனைக் குறைத்துரைத்தல் முறையன்று. இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பழங்கட்டடங்கள் எத்தனையோ இருக்க, கண்ணாடிச் சாளரங்களோடும் தூண்களோடும் இவ்வாலயம் நிற்பது பெரும்பேறே.

குறை பெயரில் தொடங்குகின்றது. அவ்வளாகத்திற்குச் சைம்ஸ் எனப் பெயரிட்டனர். ஆங்கில எழுத்தில் அது மடத்தின் பெயர் முதலெழுத்துகள் நான்கனைத் தன்னுள் கொண்டது. காதால் கேட்பின் மணியோசை எனப் பொருள்படுவது. கண்ணுக்கு வரலாறும் காதுக்கு இனிமையுமாக அமைந்த திறமை இது. ஆயினும் எழுத்தைக் காத்துப் பொருளைக் கைவிட்ட பெயர் என்றே அதனை மதிப்பிட வேண்டியுள்ளது. வருவோர் மணியோசையை அறிவர். வாயிலில் எழுந்த அழுகையோசையை அப்பெயர் அவர்க்கு அறிவியாது. 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்கத் திரைப்படத்தின் செல்வத் திருமணக் காட்சி இவ்வாலயத்தில் படமாக்கப்பட்டது. உலகில் பலர் இவ்விடத்தை அறிந்தது அக்காட்சியால்தான். ஏழையின் குழந்தைக்காக நின்ற வீடு செல்வர் திருமணத்தின் பின்னணியாக அறியப்படுவது காலத்தின் நகை.

2012இல் நிகழ்ந்த ஒன்றும் இங்குக் கருதத்தக்கது. உயிர்ப்புப் பெருவிழாவிற்கு முந்திய சனிக்கிழமை இரவு அம்மண்டபத்தில் ஒரு கேளிக்கை விருந்து அறிவிக்கப்பட்டது. அதன் விளம்பரத்தில் கன்னியர் உடை கொச்சைப்படுத்தப்பட்டிருந்தது. கத்தோலிக்கப் பேராயரகம் எதிர்ப்புத் தெரிவிக்கவே அவ்விருந்து கைவிடப்பட்டது. திருநிலை நீங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியும் மக்கள் மனத்தில் அவ்விடம் புனிதமாகவே இருந்தது என்பதற்கு இது சான்று. எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் அவ்வுடைக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? வாயிலில் கிடந்த குழந்தையை வாரியெடுத்தமையால் வந்தது. உடையின் மானம் காக்கக் குரல் எழுந்த அளவிற்கு அக்குழந்தைகளின் நினைவைக் காக்கவும் குரல் எழுந்திருப்பின் அந்நியாயம் முழுமை பெற்றிருக்கும்.

இனி, சமயநிலை நீங்குதலே அறம் நீங்குதல் ஆகுமா? ஆகாது. தமிழாசிரியர் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லே இதற்குச் சான்று. பள்ளி என்பது பண்டு சமண பௌத்தத் துறவியரின் உறைவிடம். அவ்விடங்களில் கல்வியும் நிகழ்ந்தது. காலப்போக்கில் துறவியர் மறைந்தனர், கல்வி நின்றது, கல்விக்கூடத்திற்கே அப்பெயர் உரியதாயிற்று. சமயநிலை நீங்கியும் பணி நீங்காமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

இதற்கு மறுதலையும் தமிழகத்தில் உண்டு. காஞ்சிபுரத்திற்கு அண்மையிலுள்ள திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் பதினொன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலோடு இணைந்து நடந்த ஆதுலர்சாலை ஒன்றை அது விவரிக்கின்றது. 15 கட்டில்கள், ஒரு மருத்துவர், ஓர் அறுவை செய்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், மருந்து கொணர்வார், அவர்க்குரிய நெல்லும் காசும் யாவும் அதில் காணப்படுகின்றன. இன்று கோயில் உண்டு; கல்வெட்டும் உண்டு; ஆதுலர்சாலை இல்லை. திருநிலை ஒரு நாளும் நீங்கவில்லை. நோயாளியின் கட்டில்தான் நீங்கியது.

சமயநிலை இருக்கும்போதே அறம் இறந்துபடுதலும் உண்டு. அயர்லாந்தின் தூவம் ஊரில் கன்னியர் பொறுப்பில் 1925 முதல் 1961 வரை நடந்த தாய் சேய் இல்லத்தில் 796 குழந்தைகள் இறந்தமைக்குப் பதிவு உள்ளது. அவர்களுக்குக் கல்லறைகள் இல்லை. 2017இல் அவ்விடத்தின் நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எச்சங்கள் கண்டறியப்பட்டன. சிலுவை வாயிலில் இருந்தமை மட்டும் உள்ளே அறம் இருந்தமைக்குச் சான்றாகாது என்பதை இவ்வரலாறு கற்பிக்கின்றது.

எனவே ஒப்பிட்டு நோக்கின் உண்மை விளங்கும். பள்ளியில் சமயம் நீங்கப் பணி நின்றது. திருமுக்கூடலில் பணி நீங்கக் கோயில் நின்றது. தூவத்தில் சமயம் இருக்கவே அறம் மாண்டது. விக்டோரியா வீதியில் வழிபாடும் பேணுதலும் அகலச் சுவர் நின்றது. பள்ளி வேறிடத்தில் தொடர்வது ஆறுதல். எனினும் சுவரைக் காத்தமையே அறத்தைக் காத்தமை எனக் கொள்வதுதான் பிழை.

தொட்டில் உலகை விட்டு அகன்றுவிடவில்லை. தமிழ்நாட்டில் 1992இல் சேலத்தில் தொடங்கப்பெற்ற தொட்டில் குழந்தைத் திட்டம், மடத்து வாயில் செய்த பணியை அரசின் பெயரால் செய்தது. மலேசியாவில் 2010இல் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொண்டு நிறுவனம் குழந்தைகளைப் பாதுகாப்பாக விட்டுச் செல்லும் அறை ஒன்றைத் திறந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1960களில் கன்னியர் வளர்த்த மருத்துவமனைகள் அரசின் பொறுப்பிற்கு வந்தன. ஆளுவோர் மாறினர், நோயாளியின் கட்டில் மாறவில்லை. இவற்றில் பலிபீடம் இல்லை. ஆயினும் சாத்தனார் காணின் இவற்றையும் அறக்கோட்டம் என்றே குறிப்பார் எனலாம்.

அறக்கோட்டம் ஒன்று நிலைமாறும்போது அறிவுடையோர் எழுப்ப வேண்டிய வினாக்கள் மூன்று. அங்குச் செய்த பணியை இனிச் செய்பவர் யார்? அங்கு வளர்ந்தோரின் பெயரேடு யாரிடம் உள்ளது. தம் பிறப்பைத் தேடி வருவோர்க்கு அது கிட்டுமா? அவ்விடம் இனிச் சொல்லும் கதை கட்டியவரைப் பற்றியது மட்டுமா, உள்ளே வாழ்ந்தவரைப் பற்றியதுமா? இம்மூன்றனுக்கும் விடையிருப்பின், ஆலயம் மண்டபமாயினும் கேடில்லை. விடையின்றேல், ஆலயம் ஆலயமாகவே நிற்பினும் பயனில்லை.

இவ்வினாக்கள் கன்னியர் மடங்களுக்கு மட்டும் உரியன அல்ல. ஜொகூரின் தோட்டங்கள் கைமாறி வீடமைப்பு நிலங்களாகியபோது கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் மாற்றிடம் கேட்டு மக்கள் வாதாடியதுண்டு. அது தகும். ஆனால் அதே தோட்டத்தில் ஆயாக் கொட்டகை என ஒன்று இருந்தது. இருள் பிரியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தாயர், ஏணையில் தம் குழந்தைகளைக் கிடத்திச் சென்ற கூரை அது. அதற்கு மாற்றிடம் கேட்ட குரல் அரிது. அங்குப் பிள்ளைகளைப் பேணிய முதியவளின் பெயரை எந்த நினைவுக் கல்லும் தாங்கவில்லை. தெய்வத்தின் இடத்தைக் கேட்கத் தெரிந்த நாம், குழந்தையின் இடத்தைக் கேட்க மறந்தோம்.

சிறைக்கோட்டத்தில் மணிமேகலை ஏந்திய அமுதசுரபி முன்னர் ஆபுத்திரன் கையில் இருந்தது. அவ்வாபுத்திரனோ பெற்றவளால் கைவிடப்பட்டு, ஏழு நாள் ஒரு பசுவின் பாலுண்டு பிழைத்து, வழிச்சென்ற ஒருவரால் எடுத்து வளர்க்கப்பட்டவன். புகாரின் சிறை அறக்கோட்டமானமைக்கு மூலம், வழியில் கிடந்த ஒரு குழந்தையை ஒருவர் எடுத்தமையே. காப்பியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், கோட்டத்தை விளக்குமுன் அக்குழந்தையை விளக்குவாராக.